விழித்திருக்கும்போதே மூச்சுக் குழாய்: மயக்க மருந்து எவ்வளவு, எங்கே நிறுத்துவது?



"அஜரத், அத்தாவுக்கு நாளைக்கு ஆபரேஷன். முழிப்பிலேயே வச்சு தொண்டைக்குள்ள டியூப் விடப் போறாங்களாம். கையெழுத்துப் போடலாமா?"

திண்டுக்கல் பேகம்பூர் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து இஷா தொழுகைக்குப் பிறகு வந்த கேள்வி இது. அந்த அத்தா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். முப்பது வருடமாகப் பாக்கும் புகையிலையும் வாயில் அடக்கியே பழகியவர். கன்னத்தில் புண் வந்து, அது புற்று என்று தெரிந்து, அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். அவருடைய வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. பிள்ளைகளுக்குப் புற்றைவிட அந்த "முழிப்பிலேயே" என்ற சொல்தான் பயமாக இருந்தது. டாக்டர் ஏதோ மிச்சம் பிடிக்கிறார், காசு குறைவு என்று மயக்க மருந்தைக் குறைக்கிறார் என்றுகூட அவர்களில் ஒருவர் நினைத்தார்.

விஷயம் நேர் எதிரானது. அப்படிப்பட்டவரை முதலில் தூங்க வைப்பதுதான் ஆபத்து. விழிப்பில் வைத்துக் குழாய் போடுவதற்கு அதிகத் திறமையும் நேரமும் பொறுமையும் தேவை. இதைப் பற்றி மயக்கவியல் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை நம் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன். மார்க்கம் சம்பந்தமான சில கேள்விகளும் இதில் வருகின்றன. அவற்றையும் சேர்த்தே பார்ப்போம்.

பெரிய அறுவைக்கு முழு மயக்கம் கொடுக்கும்போது, வழக்கமாக மருந்து ஏறியதும் நோயாளி தூங்குகிறார். தசைகள் தளர்கின்றன, சொந்த மூச்சும் நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியில் மருத்துவர் முகமூடியால் காற்று கொடுத்து, வாய் வழியாகக் குரல்வளையைப் பார்த்து, மூச்சுக்குழாய்க்குள் டியூபைச் செலுத்தி இயந்திரத்தோடு இணைக்கிறார். நூற்றில் பெரும்பாலானவர்களுக்கு இது ஒரு நிமிட வேலை. ஆனால் வாய் திறக்காதவருக்கு? கழுத்து தீக்காயத்தில் சுருங்கி நெஞ்சோடு ஒட்டியவருக்கு? கழுத்து எலும்பு இறுகி அசையாதவருக்கு, பெரிய கழலை மூச்சுக்குழாயை அழுத்துபவருக்கு, கதிர்வீச்சுச் சிகிச்சையால் தொண்டை விறைத்துப்போனவருக்கு? அவர்களுக்கு மூச்சை நிறுத்திவிட்ட பிறகு டியூபும் போகவில்லை, முகமூடியாலும் காற்று ஏறவில்லை என்றால், மருத்துவர் கையில் மிஞ்சுவது சில நிமிடங்கள்தான். முன்கூட்டியே நன்றாக ஆக்சிஜன் ஏற்றிய ஆரோக்கியமானவர் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குவார். உடல் பருத்தவரும் கர்ப்பிணியும் அதில் பாதிகூடத் தாங்க மாட்டார்கள். அதற்குமேல் மூளை பாதிக்கப்படும்.

இது வெறும் புத்தகப் பேச்சு அல்ல. 2005 மார்ச்சில் இங்கிலாந்தில் எலெய்ன் புரோமிலி என்ற இளம் தாய் சைனஸ் அறுவைக்குப் போனார். சாதாரண அறுவைதான். மயக்கம் கொடுத்த பின் காற்றும் ஏறவில்லை, டியூபும் போகவில்லை. அனுபவமுள்ள மருத்துவர்கள் பலர் சேர்ந்தும் முடியவில்லை. 13 நாட்களுக்குப் பிறகு அவர் இறந்தார். விமான ஓட்டியான அவர் கணவர் மார்ட்டின் புரோமிலி யாரையும் பழிவாங்கப் போகவில்லை. விமான விபத்தை ஆராய்வது போல மருத்துவத் தவறுகளையும் ஆராய வேண்டும் என்று ஓர் அமைப்பையே தொடங்கினார். அடுத்து 2011-இல் பிரிட்டனின் மயக்கவியல் கல்லூரியும் கடின சுவாசப்பாதைச் சங்கமும் வெளியிட்ட நான்காவது தேசியத் தணிக்கை, ஓராண்டில் நடந்த 184 கடுமையான சுவாசப்பாதை விபத்துகளை ஆராய்ந்தது. விழிப்பு நிலையில் குழாய் போட்டிருக்க வேண்டிய சிலருக்கு அப்படிச் செய்யாமல் நேராக மயக்கம் கொடுத்ததும் விபத்துகளுக்கு ஒரு காரணம் என்று அது சொன்னது.

ஆக, "முழிப்பிலேயே" என்றால் நோயாளி தானாக மூச்சு விட்டுக்கொண்டே இருப்பார் என்று பொருள். தொண்டைத் தசைகள் இறுக்கமாக இருந்து வழியைத் திறந்து வைத்திருக்கும். குழாய் போய்ச் சேராவிட்டால் நிறுத்திவிட்டு வேறு வழி யோசிக்கலாம். எதுவும் கைமீறிப் போயிருக்காது.

நம் ஊருக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. திண்டுக்கல் சமவெளி புகையிலை விளையும் பூமி. வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. சுருட்டும் வாய்ப்புகையிலையும் இந்த ஊரின் பழைய வியாபாரங்கள். குட்கா, பான் மசாலாவுக்கு 2013-இல் தமிழக அரசு தடை போட்டது. தடை இருந்தும் பெட்டிக்கடையில் கிடைக்கிறது என்பது நம் பிள்ளைகளுக்கே தெரியும். பாக்கை நாள்தோறும் அடக்குபவர்களுக்குக் கன்னத்தின் உட்சதை நார் போல் இறுகி, வாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொள்ளும். 1952-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் ஸ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் இதைப் பதிவு செய்தார். புகையிலை கலக்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில் உறுதி செய்துவிட்டது. "புகையிலை போடல, சும்மா வெத்தல பாக்குதான்" என்று சொல்லும் நம் பெரியம்மாக்களும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உங்கள் ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையே நுழையுங்கள். மூன்றும் நுழைந்தால் நல்லது. இரண்டுக்குக் கீழே என்றால், அறுவை எதுவாக இருந்தாலும் மயக்க டாக்டரிடம் அதை முதலில் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி உள்நாக்கு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் பரிசோதனைக்கு மல்லம்பட்டி என்று பெயர். ஆந்திரத்தைச் சேர்ந்த சேஷகிரி மல்லம்பட்டி என்ற மருத்துவர் அமெரிக்காவின் பாஸ்டனில் பணியாற்றியபோது 1985-இல் கொடுத்தது. உலகம் முழுவதும் எல்லா மயக்க டாக்டர்களும் தினமும் சொல்லும் பெயர் அது.

இந்த வேலையின் வரலாறும் சுவையானதே. கி.பி. 1013-இல் மறைந்த குர்துபாவின் அறுவை மருத்துவர் அபுல் காசிம் அல்ஸஹ்ராவீ, கத்தியால் தன் தொண்டையை அறுத்துக்கொண்ட ஓர் அடிமைப் பெண்ணுக்குத் தையல் போட்டுக் காப்பாற்றியதை எழுதியிருக்கிறார். மூச்சுக்குழாயில் வெட்டு விழுந்தாலே உயிர் போய்விடும் என்ற அச்சம் சரியல்ல என்பது அவர் கண்ட முடிவு. இப்னு சீனா தமது கானூனில், மூச்சடைப்பு வந்தால் தங்கம் அல்லது வெள்ளியில் செய்த குழாயைத் தொண்டைக்குள் செலுத்தலாம் என்று குறித்தார். பிறகு 1878-இல் கிளாஸ்கோ நகரில் வில்லியம் மக்யூவன், நாக்கின் அடியில் புற்று வந்த ஒரு தொழிலாளிக்கு வாய் வழியாக உலோகக் குழாயை மூச்சுக்குழாய்க்குள் செலுத்தி, அதன் வழியே மயக்கம் கொடுத்து அறுவை செய்தார். அறுவைக்காக வாய் வழியே போட்ட முதல் மூச்சுக்குழாய் என்று அதைச் சொல்கிறார்கள். அந்த நோயாளி விழித்துத்தான் இருந்தார். முந்தைய நாட்களிலேயே குழாயை விட்டு எடுத்துப் பழக்கியிருந்தார் மக்யூவன். கன்னத்தில் புற்று வந்த நம் பேகம்பூர் அத்தாவுக்குச் செய்ததும் அடிப்படையில் அதேதான்.

இன்று பயன்படும் கருவி, பேனாவைவிட மெல்லிய, வளையும் கண்ணாடி இழைக் குழாய். நுனியில் வெளிச்சமும் பார்வையும் உண்டு. ஒளியை வளைந்த கண்ணாடி இழைகளின் வழியே கொண்டுசெல்லலாம் என்று 1954-இல் காட்டிய இருவரில் ஒருவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. 1967-இல் பீட்டர் மர்ஃபி என்ற மருத்துவர், பித்தக்குழாய் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட அத்தகைய கருவியை மூக்கு வழியாக விட்டு, மூட்டுநோயால் இறுகிப்போன ஒருவருக்கு மூச்சுக் குழாய் போட்டார். வாய் திறக்காதவர்களுக்கு மூக்குதான் வழி. கருவியின் மேலே டியூபை முன்பே கோத்து வைத்து, கருவி குரல்நாண்களைத் தாண்டியதும் டியூபை அதன்மேல் வழுக்கி இறக்குவார்கள்.

சரி, இதை விழித்திருக்கும் மனிதர் எப்படிப் பொறுத்துக்கொள்வார்? இங்கேதான் குடும்பங்கள் தவறாகப் புரிந்துகொள்கின்றன. பொறுக்க வைப்பது மயக்க மருந்து அல்ல. மரத்துப்போக வைக்கும் மருந்து. எச்சில் வற்ற முதலில் கிளைக்கோபைரோலேட் ஊசி போடுவார்கள். மூக்கில் இரத்தம் வராமல் இருக்கச் சொட்டு மருந்து. அப்புறம் லிக்னோகைன். பல் டாக்டரிடம் போட்டுக்கொண்ட மரப்பு ஊசியின் மருந்துதான் இது. புகையாக இழுக்க வைப்பார்கள், தொண்டையில் ஸ்பிரே அடிப்பார்கள், கழுத்தின் முன்புறம் மெல்லிய ஊசியால் மூச்சுக்குழாய்க்குள் சில துளிகள் விடுவதும் உண்டு. அப்போது ஒரு பலத்த இருமல் வரும். அந்த இருமல்தான் மருந்தை உள்ளே எல்லா இடத்துக்கும் பரப்புகிறது.

லிக்னோகைனுக்கும் ஓர் எல்லை உண்டு. கொழுப்பைக் கழித்த உடல் எடையில் கிலோவுக்கு 9 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று பிரிட்டன் சங்கத்தின் 2019 வழிகாட்டி சொல்கிறது. 50 கிலோ என்று வைத்தால் 450 மில்லிகிராம். 10 சதவீத ஸ்பிரேயில் ஓர் அழுத்துக்கு 10 மில்லிகிராம் வரும். புகையாகக் கொடுத்தது, ஊசியில் கொடுத்தது, ஸ்பிரே எல்லாம் ஒரே கணக்கில் சேரும். உதட்டைச் சுற்றிக் கூசுவது, காதில் இரைச்சல், நாக்கு குழறுவது இவையெல்லாம் அளவு மிஞ்சுவதன் அடையாளம். உங்கள் அத்தா கையசைத்து "காது கிர்ருங்குது" என்று காட்டினால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அறுவை அரங்கில் அவர்தான் தன் உடலுக்குக் காவலர். விழிப்பில் வைத்திருப்பதன் இன்னொரு நன்மை இதுவும்தான்.

இப்போது செடேஷன். பதற்றத்தைத் தணிக்க, நினைவை மங்கச் செய்ய, கொஞ்சமாகக் கொடுக்கும் மருந்து இது. மேலே சொன்ன வழிகாட்டியின்படி இது கட்டாயமே இல்லை. கொடுத்தால் மிகக் குறைவாகக் கொடுக்க வேண்டும். மரப்பு சரியாக ஏறாத குறையை மறைக்க மருந்தைக் கூட்டக் கூடாது. முடிந்தால் குழாய் போடுபவர் ஒருவர், செடேஷனைக் கவனிப்பவர் இன்னொருவர் என்று இருக்க வேண்டும். கண்ணைக் கருவியில் வைத்திருப்பவரால் நோயாளியின் நெஞ்சு ஏறி இறங்குவதையும் பார்க்க முடியாதல்லவா?

எங்கே நிறுத்துவது என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 1974-இல் மைக்கேல் ராம்சே வகுத்த ஆறு படிகள். ஒன்றில் நோயாளி பதறிக்கொண்டிருக்கிறார். இரண்டில் அமைதியாக, சொன்னதைப் புரிந்துகொண்டு ஒத்துழைக்கிறார். மூன்றில் கூப்பிட்டுச் சொன்னால் செய்கிறார். நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் உறக்கத்தின் ஆழங்கள். ஆறில் தட்டினாலும் அசைவில்லை. கடினமான சுவாசப்பாதை உள்ளவருக்கு இரண்டு அல்லது மூன்றில் நின்றுவிட வேண்டும். "மூச்சை நல்லா இழுங்க பாய்" என்றால் இழுக்க வேண்டும். அதற்குமேல் போனால் நாக்கு பின்னால் விழும், ஏற்கெனவே குறுகிய வழி அடைபடும். எதைத் தவிர்க்க விழிப்பில் வைத்தார்களோ அதே ஆபத்து பின்வாசல் வழியாக வந்துவிடும்.

மருந்துகளின் குணம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொன்று. மிடசோலம் பதற்றத்தைக் குறைக்கும், நடந்ததை மறக்கச் செய்யும். நரம்பில் போட்டு முழுமையாக வேலை செய்ய சில நிமிடம் ஆகும். பொறுமையில்லாமல் அடுத்த டோஸ் போட்டால் இரண்டும் சேர்ந்து இறங்கும். ஃபென்டனில் இருமலை அடக்கும், வலியையும் அடக்கும், மூச்சையும் அடக்கும். இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று 1990-இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான 12 தன்னார்வலர்களிடம் சோதித்தார்கள். மிடசோலம் மட்டும் கொடுத்தபோது மூச்சில் பெரிய மாற்றம் இல்லை. ஃபென்டனில் மட்டும் கொடுத்தபோது 6 பேருக்கு ஆக்சிஜன் குறைந்தது. இரண்டையும் சேர்த்தபோது 11 பேருக்கு ஆக்சிஜன் இறங்கியது, 6 பேருக்கு மூச்சே நின்றது. இளமையும் நலமும் உள்ளவர்களுக்கே இந்த நிலை. இந்த இரண்டுக்கும் மாற்று மருந்து உண்டு. மிடசோலத்துக்கு ஃப்ளூமசெனில், ஃபென்டனிலுக்கு நலாக்சோன். மாற்று மருந்தின் வேகம் முன்பே தீர்ந்து, நோயாளி மீண்டும் மயங்கக்கூடும் என்பதால் அதன்பிறகும் கண் வைத்திருக்க வேண்டும்.

புரோபோஃபால் என்ற பால் நிற மருந்துக்கு மாற்று இல்லை. அமைதிக்கும் முழு உறக்கத்துக்கும் நடுவே அதில் இடைவெளி மிகச் சிறியது. 2009 ஜூனில் பாடகர் மைக்கேல் ஜாக்சன் இறந்தது இந்த மருந்தால்தான். அறுவை எதுவும் இல்லை. வீட்டுப் படுக்கையில் தூக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டது. மூச்சைக் கண்காணிக்கும் முறையான ஏற்பாடு இல்லை. கொடுத்த மருத்துவர் 2011-இல் தண்டிக்கப்பட்டார். மருந்தைக் கொடுத்துவிட்டுக் கண்காணிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உலகமே அறிந்த உதாரணம் அது. கெட்டமின் மூச்சை அவ்வளவாகத் தொடாது. ஆனால் எச்சிலைக் கூட்டும், கண்முன் ஏதேதோ காட்சிகளைக் காட்டிப் பயமுறுத்தும்.

கடந்த சில ஆண்டுகளில் மயக்க டாக்டர்கள் அதிகம் விரும்புவது டெக்ஸ்மெடிடோமிடின். இது தரும் தூக்கம் இயற்கைத் தூக்கத்தை ஒத்தது. தொட்டுக் கூப்பிட்டால் கண் திறப்பார், சொன்னதைச் செய்வார், விட்டால் மறுபடி அயர்வார். மூச்சை மற்ற மருந்துகள் போல் அமுக்குவதில்லை. கிலோவுக்கு அரை முதல் ஒரு மைக்ரோகிராம் வரை சுமார் 10 நிமிடத்தில் மெதுவாக ஏற்றி, பிறகு சிறிய அளவில் தொடர்வார்கள். 60 கிலோ எடை உள்ளவருக்கு முதல் அளவு 30 முதல் 60 மைக்ரோகிராம். வேகமாக ஏற்றினால் நாடித்துடிப்பு குறையும், இரத்த அழுத்தம் இறங்கும். இதய அடைப்பு உள்ளவர்களும் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் முன்பே சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் மாத்திரைச் சீட்டை ஆபரேஷன் அன்று வீட்டில் வைத்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது.

எந்த மருந்தானாலும் மூக்கில் ஆக்சிஜன் தொடர்ந்து போய்க்கொண்டிருக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரை கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கற்றுக்கொண்டோம். ஆனால் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றாலும் அந்த எண் கொஞ்ச நேரம் நன்றாகவே காட்டும். அதனால் வெளிவிடும் காற்றில் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் அவசியம். டியூப் சரியான இடத்துக்குப் போனதா என்பதற்கும் அதுவே சாட்சி. ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் அலை எழ வேண்டும். கருவியிலும் பார்த்து, அலையையும் பார்த்து உறுதியான பிறகே முழு மயக்கம் கொடுப்பார்கள். அந்த நொடியிலிருந்து நோயாளிக்கு எதுவும் தெரியாது.

முயற்சிகளுக்கும் எண்ணிக்கை உண்டு. மூன்று முறைக்குள் முடியவில்லை என்றால், இன்னும் அனுபவமுள்ளவர் ஒருமுறை முயலலாம். அதற்குமேல் தொண்டையைக் குத்திக் கிளறினால் வீங்கி மூடிக்கொள்ளும். அப்போது அறுவையைத் தள்ளிவைப்பது அல்லது மரப்பு ஊசியோடு கழுத்தில் துளை போடுவது. இது தோல்வி அல்ல, திட்டத்தின் அடுத்த படி. நம் நாட்டில் அனைத்திந்திய கடின சுவாசப்பாதைச் சங்கம் 2016-இல் தனி வழிகாட்டிகளை வெளியிட்டது. மூச்சு விடும்போதே சீழ்க்கைச் சத்தம் கேட்பவருக்கும், கழுத்து முழுவதும் சீழ் கட்டியவருக்கும் செடேஷனே கொடுக்காமல் செய்வதுதான் பாதுகாப்பு என்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். சின்னக் குழந்தைகளை விழிப்பில் வைத்துச் செய்ய முடியாது. அவர்களைக் காற்றோடு கலந்த மருந்தால் தூங்க வைத்து, சொந்த மூச்சை நிறுத்தாமல் குழாய் போடுவார்கள்.

இனி என்னிடம் வரும் மார்க்கக் கேள்விகள்.

அறிவை மங்கச் செய்யும் மருந்து ஆகுமா? அழுகிய உறுப்பை வெட்டுவதற்காக அறிவை நீக்கும் பொருளை உட்கொள்ளலாமா என்ற கேள்வியை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 700 ஆண்டுகளுக்கு முன்பே எடுத்து, ஆகும் என்பதே சரியான கருத்து என்று முடிவு சொல்லியிருக்கிறார்கள். நிர்ப்பந்தத்துக்கு உள்ளானவர் மீது குற்றமில்லை என்ற அடிப்படை அல்பகரா அத்தியாயத்தின் 173-ஆவது வசனத்தில் இருக்கிறது. இதில் தயங்க வேண்டியதில்லை.

தாடி? இதை மருத்துவர்கள் சொல்லக் கூச்சப்படுவார்கள், நாமே கேட்டுவிட வேண்டும். அடர்ந்த தாடி இருந்தால் முகமூடி முகத்தோடு ஒட்டாமல் காற்று கசியும். முகமூடியால் காற்று கொடுப்பதைக் கடினமாக்கும் காரணங்களில் தாடியும் ஒன்று என்று 2000-இல் வந்த ஒரு பிரெஞ்சு ஆய்வு காட்டியது. விழிப்பில் குழாய் போடும்போது முகமூடி முக்கியமல்ல என்றாலும், மாற்றுத் திட்டத்துக்கு அது தேவைப்படும். தாடிமேல் ஜெல் தடவியோ மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டியோ சமாளிக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்று டாக்டர் சொன்னால், தேவையான அளவு குறைப்பதற்கும், அவசியமானால் எடுப்பதற்கும் அனுமதி உண்டு. பிறகு வளர்ந்துவிடும். கழுத்தில் கட்டிய தாயத்துக் கயிற்றை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். அவசரத்தில் கத்தி வைக்க வேண்டிய இடம் அதுதான். பெண்கள் தலைக்கு அரங்கிலேயே தொப்பி தருவார்கள். பெண் ஊழியர் கூட இருக்கும்படி கேட்பது உங்கள் உரிமை. கழுத்தையும் முகத்தையும் தேவையான அளவுக்கு மருத்துவர் பார்ப்பதில் தடை இல்லை.

ஸம்ஸம் விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். அரங்குக்குள் தள்ளிப் போகும்போது ஒரு மடக்கு ஸம்ஸம் அல்லது ஓதிய தண்ணீர் வாயில் ஊற்றுவது நம்மிடம் பரவலாக இருக்கிறது. தொண்டை மரத்த பிறகு, வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நுரையீரலுக்குள் போகும். திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், தெளிந்த தண்ணீரைக்கூட 2 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். ஸம்ஸமும் இந்தக் கணக்கில் தண்ணீர்தான். முந்தைய இரவே கொடுத்துவிடுங்கள்.

தொழுகையைப் பொறுத்தவரை, கூப்பிட்டால் பதில் சொல்லும் அளவிலான செடேஷன் மயக்கமாகாது. அதன்பின் வரும் முழு மயக்கத்தில் உளூ முறிந்துவிடும், தெளிந்ததும் புதிதாகச் செய்ய வேண்டும், முடியாவிட்டால் தயம்மும். நம் பகுதி ராவுத்தர் மக்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். ஒரு நாளுக்குள் தெளிந்துவிட்டால் தவறிய தொழுகைகளை அவர்கள் களாச் செய்ய வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபினர் தங்கள் உலமாக்களிடம் விவரம் கேட்டுக்கொள்ளலாம். குழாய் குரல்நாண்களுக்கு நடுவே இருப்பதால் அது போனபின் பேச்சு வராது. திக்ரை மனதில் ஓதிக்கொள்ளும்படி முன்பே சொல்லி வையுங்கள். குரல் போய்விட்டதோ என்று அவர் பயப்படாமலும் இருப்பார்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது மறைப்பதுதான். மனைவி பக்கத்தில் நிற்பதால் "குட்கா பழக்கம் இல்லை டாக்டர்" என்று சொல்லிவிடுகிறார்கள். தூக்கத்தில் பலத்த குறட்டை விடுவதையும், முன்பு ஓர் ஆபரேஷனில் டியூப் போடச் சிரமப்பட்டதையும் சொல்வதில்லை. தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டால் எந்த மருத்துவரும் மறுக்க மாட்டார். குடும்பத்தார் கேட்க வேண்டியதும் உண்டு. கண்ணாடி இழைக் கருவி இங்கே இருக்கிறதா? இதைச் செய்து பழகியவர் அன்று இருப்பாரா? செடேஷனைக் கவனிக்க இரண்டாவது ஆள் உண்டா? முடியாவிட்டால் அடுத்து என்ன? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை என்றால், அவசரமில்லாத அறுவையை வசதியுள்ள இடத்துக்கு மாற்றிக்கொள்வதில் வெட்கமில்லை. திண்டுக்கல்லுக்கே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை சுமார் 65 கிலோமீட்டர்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அட்டை இல்லாதவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதை ஜமாஅத்துகள் ஒரு வேலையாகவே செய்யலாம்.

அந்தப் பேகம்பூர் அத்தாவுக்கு அல்ஹம்துலில்லாஹ் குழாய் முதல் முயற்சியிலேயே போனது. என்ன நினைவிருக்கிறது என்று பிறகு கேட்டேன். "ஒரு இருமல் வந்துச்சு அஜரத். அப்புறம் யாரோ 'மூச்ச இழுங்க அத்தா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அவ்வளவுதான்" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார்.

வீடு திரும்பும்போது மயக்க டாக்டரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். சுவாசப்பாதை கடினம், எந்தக் கருவியில், எந்த அளவு டியூப், எந்த மருந்தில் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அதில் இருக்கட்டும். ஆதார் அட்டையோடு ஒரு நகல், வீட்டில் மூத்த பிள்ளையின் போனில் ஒரு படம். அடுத்த முறை அவர் நினைவில்லாமல் நடு இரவில் வேறொரு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அங்கே இருக்கும் மருத்துவர் முதலில் தேடுவது இந்தத் தகவலைத்தான்.